தெரியாதுங்க என்று சொன்ன குரல்

அக்கா,

இன்று காலை பள்ளிபாளையம் ஆற்றோரத் தெருவில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று போனது. ஆற்றில் நீர்வரத்து அதிகம், கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும் என்று, எங்கோ பதிவு செய்து அனுப்பிய பெண்குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. டீக்கடையில் நின்ற யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும் ஆட்டோ மறையும்வரை நின்றிருந்தேன். உங்கள் குரலாக இருந்துவிடக் கூடாதா என்று ஒரு பைத்தியக்கார ஆசை.

பல வருஷங்களுக்கு முன் இதே தெருவில் வந்த அந்த வெள்ளத்தின்போது, மதியம், அணை உடைந்துவிட்டதாகப் புரளி கிளம்பியது. பாதிப்பேர் பாலத்தை நோக்கி ஓட, நெரிசலில் ஒரு பெண் விழுந்து மிதிபட்டுக் காயப்பட்டாள். மீதிப்பேர் எல்லாமே பொய் என்று வீட்டைவிட்டு நகரவில்லை. நம் தாலுகா அலுவலகத்தில் அறிவிப்பு எழுதுவது என் வேலை, அதை மக்களிடம் சொல்வது உங்கள் வேலை. ‘பொதுமக்கள் பீதியடைய வேண்டாம், நிலைமை கட்டுப்பாட்டில் உள்ளது’ என்று எழுதிக் கொடுத்தேன். ஜீப்பில் நின்று வாசித்தீர்கள். கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: “அப்புறம் ஏனுங்க ஜீப்புல வந்து நிக்கறீங்க?”

தாளை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டீர்கள்.

“அணை உடையலைங்க. ஆனா தண்ணி ஏறுது. எங்க ஊடும் இந்தத் தெருவுலதான், எங்கம்மாவப் பள்ளிக்கூடத்துல உட்டுட்டுத்தான் வாரேன். இன்னும் எவ்வளவு ஏறும்னு எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சதும் வந்து சொல்றேன்.”

அதட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. பெரியவர்தான் முதலில் மூட்டை கட்டப் போனார். மணிக்கொரு தடவை வந்து தெரிந்ததைச் சொன்னீர்கள். புதிதாக ஒன்றும் தெரியாதபோது அதையும் வந்து சொன்னீர்கள். பொழுது சாய்வதற்குள் தெரு காலியானது. தண்ணீர் ஜன்னல்வரை ஏறியது. உங்கள் வீட்டுச் சுவர் விழுந்தது. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அடுத்த வாரம் மேலதிகாரிகள் உங்களிடம் விளக்கம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டு, தெரியாது என்று ஓர் அலுவலர் சொல்லலாமா? அறையில் நானும் இருந்தேன். என் வரிகள்தான் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உங்களைக் கெங்கவல்லிக்கு மாற்றினார்கள். பஸ் ஏறும்போதுகூட நீங்கள் அதைப் பேசவில்லை. “நேரத்துக்குச் சாப்புடுங்க சாமி” என்றீர்கள், அவ்வளவுதான்.

போன தையில் மாரடைப்பில் நீங்கள் போய்விட்டதாகச் செய்தி வந்தது. அத்தனை வருஷத்தில் உங்களுக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இன்னமும் அறிவிப்பு எழுதுகிறேன் அக்கா. எழுதியதை உங்கள் குரலை நினைத்துக்கொண்டு வாய்விட்டுப் படிக்கிறேன். அந்தக் குரலில் சொல்ல முடியாத வரியை அடித்துவிடுகிறேன். சில நாள் தாளில் இரண்டு வரிகூட மிஞ்சுவதில்லை.