வளைகாப்பன்று வண்டி கட்டச் சொன்ன அத்தைக்கு

அத்தை,

இன்று காலை பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் ஸ்பிரிட் விளக்கின் வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. உங்கள் பேத்தி, என் மகள், உண்டாகி இது ஐந்தாம் மாதம். அவளுடைய சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் சுடவைத்துப் பார்த்த நர்ஸ், "தெளிவா கீதும்மா, பயமில்ல" என்றாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

மகள் என் வயிற்றில் இருந்தபோது என்னுடையது அதே ஊரில் பால் திரிந்ததுபோல் வெளுத்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே விடிந்ததும் என் முகம் வீங்கியிருக்கும். சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லித்தான் தெரிந்தது. "பிள்ளை சுமந்தால் இன்னும் கெடலாம். ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. இப்போதே கலைத்துவிடுவதும் ஒரு வழி" என்றார். உங்கள் மகன் போய் வண்டியைக் கட்டினார். திரும்பும் வழியில், வண்டியில் நீங்கள்தான் பேசினீர்கள்.

"எனக்குப் பேரப்புள்ள ஆசைதான். அதுக்காவ உன்ன குடுக்க மாட்டேன். நீ இன்னா சொல்றியோ அதான்."

அதுவரை என் உடம்பைப் பற்றி என்னை யாரும் கேட்டதில்லை. பருத்திப்பட்டு ஏரிக்கரை வரும்வரை யோசித்தேன். பெற்றுக்கொள்கிறேன் என்றேன்.

"சரி. அப்ப டாக்டரம்மா சொன்னதுல ஒண்ணுகூட தப்பக்கூடாது."

அன்று முதல் எனக்கு உப்பில்லாச் சோறு. ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு அழுதேன். மறுநாளிலிருந்து நீங்களும் உப்பை விட்டுவிட்டீர்கள், கருவாட்டுக் குழம்பு இல்லாமல் சோறு இறங்காத நீங்கள். என் வேலையையும் எடுத்துக்கொண்டு என்னைப் பகலில் படுக்க வைத்தீர்கள். மாமியார் மருமகளுக்கு உழைக்கிறாள் என்று தெருவே சிரித்தது.

ஒன்பதாம் மாதம் வளைகாப்பு. வீடு நிறையச் சொந்தம். எனக்கு எழுந்ததிலிருந்தே மண்டையிடி. தட்டிலிருந்த வளையல்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. சடங்கு கெட்டுவிடுமே என்று வாயைத் திறக்கவில்லை. சந்தனம் பூச வந்த நீங்கள் என் முகத்தையே பார்த்தீர்கள்.

"இன்னா கண்ணு, தல வலிக்கிதா?"

"கண்ணும் மங்குது அத்தே."

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மகனைக் கூப்பிட்டீர்கள். "வண்டியக் கட்டு. டாக்டரம்மா சொன்ன தலவலி இதான். ஆவடி டேசனுக்குப் போய் ரயிலப் புடிக்கணும்."

பாதியில் எழுப்பக்கூடாது என்று உங்கள் அக்காவே வழியை மறித்தார். "வளையல கொழந்த பொறந்தப்புறம் போட்டுக்குவா. நவுருக்கா" என்றீர்கள்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து வலி வரவழைத்தார்கள். தாமதித்திருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்றார்கள். பஞ்சில் சுற்றிக் கொடுத்த அந்தச் சிறு உயிரை நீங்கள் மார்பை விட்டு இறக்கவேயில்லை.

இனிப் பிள்ளை வேண்டாம் என்று டாக்டர்கள் சொன்னதும், உங்கள் மகனுக்கு வேறு பெண் பார்க்கலாமே என்று சிலர் வந்தார்கள். "எங்க ஊட்டுக்குப் புள்ளையும் ஒண்ணு போதும், மருமவளும் ஒண்ணு போதும்" என்று வாசலோடு அனுப்பிவிட்டீர்கள்.

உங்களுக்கு முன் நான்தான் போய்ச்சேருவேன் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். கடைசியில், காய்ச்சலில் கிடந்த உங்கள் வாயில் பால் ஊற்றியது நான்.

இப்போதும் சில நாள் கால் வீங்குகிறது. அதை நான் யாரிடமும் மறைப்பதில்லை, வைத்தியம் பார்த்துக்கொள்கிறேன். எனக்குத் தலை நரைத்துவிட்டது, அத்தை. நரைக்கும் வரை இருப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை.