காயக்காரருக்கு வண்டியில்லை

இஞ்சாருங்கோ,

குரோருட்டில் உங்கள் தம்பி வீட்டில் போய் எத்தனை நாளுக்குப் படுத்திருக்கப் போகிறீர்கள்? இங்கே சாப்பாட்டு மேசை முழுக்க உங்கள் ரஷ்யப் பொம்மைப் படை அப்படியே நிற்கிறது. நெப்போலியனை எதிர்த்து நின்ற படையாம்! நானும் வினோஜாவும் சோபாவில் இருந்து, சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம்.

ஒரு கோர் படையணி என்றால் இரண்டு டிவிஷன். ஒரு டிவிஷனுக்கு மூன்று பிரிகேட். பின்னால் பீரங்கிகள், அதற்கும் பின்னால் ரொட்டி வண்டிகள். விரல் நீளப் பொம்மைகளுக்குப் பொத்தான் வரை நிறம் தீட்டினீர்கள். அதையெல்லாம் பார்த்துவிட்டுப் பிள்ளை கேட்டது ஒரேயொரு கேள்விதான்.

"அப்பா, காயக்காரரை ஆர் தூக்கிக்கொண்டு போறது? அவைக்கு ஒரு வண்டியையும் காணேல்லை."

அதற்குக் குளிர் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போவதா? தான் ஏதோ பிழையாகக் கேட்டுவிட்டதாக நினைத்து அவள் அழுகிறாள்.

எனக்கு ஒன்றும் தெரியாதென்று நினைத்தீர்களா? ஊரில் சண்டையில் உங்கள் ஆட்கள் பின்வாங்கியபோது காயத்தோடு யாரைப் பாதையோரத்தில் விட்டுவிட்டு வந்தீர்கள் என்பது கலியாணத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். தூக்க ஆளிருக்கவில்லை என்பதும் தெரியும். அதற்காக உங்களை நான் ஒருநாளும் கோபித்ததில்லை. இத்தனை வருசமாக என் பக்கத்தில் இருந்துகொண்டு, வாயைத் திறக்காமல் பொம்மை அடுக்கினீர்களே, அதற்குத்தான் எனக்குக் கோபம்.

இன்றைக்கே வாருங்கள். அவளுக்கு ஒரு மாமா இருந்தார் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அவரின் தங்கச்சி