என் திரையில் இருந்த இருநூற்றுப் பதினாலு பேர்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே உன் அப்பா சுகம், அக்காவும் குழந்தையும் சுகம், நானும் உடம்பால் சுகம்தான், மனசுதான் ஒரு மாதமாகக் கொதித்துக்கொண்டிருக்கிறது, நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்க வேண்டும், என்னிடம் திட்டு வாங்கவாவது தெம்பு வேண்டுமே. ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில் நான் இரண்டு வார்த்தை சூடாகப் பேசினால் நீ சிரிக்கிறாய், "சரிம்மா, சரிம்மா" என்கிறாய், உடனே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்துக்கு மீட்டிங் வராது. கடைசி வரி வரைக்கும் படி.

நீ கிளம்பிய அன்று நான் வார்டில் ஒருவருக்குச் செயற்கைக் கால் செய்ய அளவெடுத்துக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொண்டு போகலாம் என்று நீயும் அப்பாவும் ஆஸ்பத்திரிப் பின்கட்டில் இருக்கும் என் பட்டறைக்கு வந்து அரைமணி நேரம் காத்திருந்தீர்கள். அந்த அரைமணி நேரம் உன் கை சும்மா இருந்ததா? என் பழைய கம்ப்யூட்டரில் எக்ஸ்டென்ஷன் என்று எதையோ ஏற்றிவிட்டு, அப்பாவிடம் "அம்மா திங்கட்கிழமை பாத்து அசந்து போயிடுவாங்க, சொல்லிடாதீங்க" என்றும் சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டாய். அவரும் கூட்டுக் களவாணி, இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. திங்கட்கிழமை போய்க் கம்ப்யூட்டரைப் போட்டால் திரை துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. இருநூற்றுப் பதினாலு ஃபைல் இருந்த இடத்தில் ஓரமாக நாலே நாலு பெட்டி. உனக்கு ஃபோன் போட்டேன், "சந்தைக்கடை மாதிரி இருந்துச்சும்மா, அதான் ஒழுங்கு பண்ணி வச்சேன்" என்றாய். அந்தக் கம்ப்யூட்டரைச் செய்த கம்பெனியே அதைக் கைகழுவி வருஷக்கணக்காகிறது, அதனால் பழையவை மேல் ஆசை உள்ள யாரோ ஒருவர் தன் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதினாராம், கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லையாம், ஆனாலும் லட்சம் பேர் போட்டிருக்கிறார்களாம். அந்த லட்சம் பேரில் எத்தனை பேர் கால் செய்கிறார்கள் என்று நீ கேட்டாயா?

உனக்குச் சந்தைக்கடையாகத் தெரிந்தது எனக்குப் பட்டறை. அது உனக்குத் தெரியாததில் தப்பில்லை, கேட்காததுதான் தப்பு. திரையில் இடது ஓரத்தில் இருப்பவர்கள் அளவு கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள். நடுவில் இருப்பவர்களுக்குக் காலின் அளவில் அச்சு செதுக்கியாகிவிட்டது. வலது பக்கம் கால் மாட்டிக்கொண்டு நடந்தே வெளியே போனவர்கள். கீழ் வரிசையில் வளரும் பிள்ளைகளின் போன தடவை அளவு, அதில் கை வைக்கவே கூடாது, ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்தான். பதினேழு வருஷமாக ஒவ்வொரு ஃபைலும் அதனதன் இடத்தில் இருந்தது, பெயரைப் படிக்காமலே என் கை போகும். அதைத்தான் உன் எக்ஸ்டென்ஷன் வாரி எடுத்து, அறுபது நாள் தொடாததையும் நேற்றுத் தொட்டதையும் கலந்து, அகரவரிசையில் அடுக்கி, பெட்டியின் அகலத்துக்குப் பெயர் பொருந்தவில்லை என்று வாலை வெட்டிவிட்டது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கித் தருகிறேன் என்று மறுபடி ஆரம்பிக்காதே, அச்சு செதுக்கும் இயந்திரம் அந்தக் கிழத்தோடு மட்டும்தான் பேசும். ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், முதல் நாள் எனக்கே கொஞ்சம் பிடித்திருந்தது. திரை சுத்தமாக இருந்தால் வேலையும் சுத்தமாக நடக்கிற மாதிரி ஒரு நினைப்பு வருகிறதே, அந்த நினைப்பில்தான் நானும் ஏமாந்தேன்.

இனி எழுதுவதை நான் உனக்கு ஃபோனில் சொல்லவில்லை. பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மகள் என்னிடம் நாலு வருஷமாக வருகிறாள், இப்போது பதினோரு வயது, வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பட்டறையில் அவளுக்குக் கேள்விக்குறி என்று பெயர், வாய் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருப்பாள், இந்தத் திருகு எதுக்கு, அந்தப் பசை எத்தனை மணிக்குக் காயும், பிளாஸ்டிக்குக்குச் சூடு வலிக்குமா என்று. வளர்ந்துவிட்டாள், பழைய கால் இறுக்கிற்று, நீ இங்கே இருந்தபோதுதான் புது அளவு எடுத்திருந்தேன். அந்தப் புதன்கிழமை அவளுக்கு அச்சு செதுக்க உட்கார்ந்தேன். பெட்டியைத் திறந்தால் 'பேருந்து ஓட்டுநர் மகள்' என்று இரண்டு இருக்கிறது. பழையது புதியது என்று நான் போட்டிருந்த கடைசிச் சொல்தான் வெட்டுப்பட்ட வால். மேலே இருந்ததை அழுத்தினேன். அது போன வருஷத்து அளவு. இயந்திரம் என்ன செய்யும், சொன்னதைச் செதுக்கியது, அதன் மேல் சூடான பிளாஸ்டிக்கை இழுத்துப் போர்த்தி நானும் கால் உட்காரும் கிண்ணத்தைச் செய்து முடித்தேன்.

அடுத்த திங்கட்கிழமை வந்தாள், மாட்டினாள், நடைபழகும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலு நடை நடந்தாள். "எங்கயாவது உறுத்துதாடா?" என்று கேட்டேன், "இல்ல, நல்லாத்தான் இருக்கு" என்றாள். வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சனிக்கிழமை அவள் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் ஏரியைச் சுற்றி நடக்கப் போகிறார்களாம். உறுத்துகிறது என்றால் நான் காலை வாங்கி வைத்துக்கொள்வேன், நடக்க முடியாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். அஞ்சு நாள் பொறுத்துவிட்டுச் சனிக்கிழமை ஏரியையும் சுற்றி நடந்திருக்கிறாள். அதற்கடுத்த திங்கட்கிழமை அவள் அப்பா யூனிஃபார்மோடு, வண்டியை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். கிண்ணத்துக்கு உள்ளே காலில் போடும் துணி உறையைக் கழற்றினேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு முட்டுகிற இடத்தில் தோல் உரிந்து, சிவந்து, உறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் விட்டு நனைத்து நனைத்து எடுத்தேன். அவள் அழவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டேப்பை எடுத்துச் சுற்றிப் பார்த்தேன், காலுக்கும் கிண்ணத்துக்கும் இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம். ஓடிப்போய் ஃபைலைத் திறந்தேன், தேதியைப் பார்த்தேன், போன வருஷத்துத் தேதி. ஓட்டுநர் ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லியிருந்தால் தேவலை. "பரவாயில்லைம்மா, மிஷின்னா அப்படித்தான், நாங்க பாக்காததா" என்று என்னைச் சமாதானப்படுத்துகிறார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நீ விட்டது உன் காலையா? அடுத்தவர் வீட்டுப் பிள்ளையின் காலையல்லவா விட்டாய்.

எங்கள் பொறுப்பாளர் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். உன்னைப் பற்றி அதில் ஒரு எழுத்து இல்லை. உன்னைக் காப்பாற்றுவதற்காக என்று நினைத்துக்கொள்ளாதே, அப்படி நினைத்தால் இன்னும் கோபம் வரும். செதுக்கிய அச்சை டேப் வைத்து ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பிளாஸ்டிக் போர்த்த வேண்டும், அது என் வேலை, அன்றைக்கு அவசரத்தில் நான் பார்க்கவில்லை. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை. அதைத்தான் எழுதினேன், அதுதான் உண்மை, என் மேல் எனக்கு இருக்கிற கோபத்தை நானே பார்த்துக்கொள்கிறேன். ஆனால் என் தப்பு ஒன்று இருப்பதால் உன் தப்பு கரைந்துவிடாது.

அன்று சாயங்காலமே அந்தச் சனியனைப் பிடுங்கி எறிய உட்கார்ந்தேன். அதோடு கூடவே 'முதலில் இதைப் படியுங்கள்' என்று ஒரு ஃபைல் இருந்தது, ஒரே பக்கம்தான். நானும் அப்பாவும் அகராதியை வைத்துக்கொண்டு படித்தோம். போடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரு நகல் எடுத்து வையுங்கள், நீளமான பெயர்கள் வெட்டுப்படும், ஐகான்கள் இருந்த இடத்தை இது நினைவில் வைக்காது, முக்கியமான வேலை நடக்கும் கம்ப்யூட்டரில் தயவுசெய்து போடாதீர்கள் என்று முகம் தெரியாத அந்த மனுஷன் எழுதி வைத்திருக்கிறான். அவன் யோக்கியன். அவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒரு பக்கம் படிக்க உனக்கு என்ன கேடு? படித்த பிள்ளை படித்த பிள்ளை என்று உன்னை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேனே, எதைப் படித்தாய் நீ? ஷிஃப்ட் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டரைப் போட்டால் இது விழித்துக்கொள்ளாது என்பதும் அந்தப் பக்கத்திலேயே இருந்தது. அப்படியே செய்து, அதைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். ஃபைல்கள் எல்லாம் திரும்பி வந்தன, ஆனால் எப்படி வந்தன தெரியுமா, ஒரு மூலையில் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவியலாக. மூன்று நாள் பிடித்தது. அப்பா பட்டறைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் படித்தார், தபால்காரர் இடது, அளவு மட்டும், கோழிப்பண்ணை அம்மா வலது, நடந்து போயாச்சு என்று, நான் ஒவ்வொருவரையும் இழுத்து இழுத்து அவரவர் இடத்தில் வைத்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நான் அன்னைக்கே வேண்டாம்னு சொல்லியிருக்கணும், பெரிய மனுஷன் மாதிரி பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்துட்டேன்" என்றார். எழுந்து போய் டீ போட்டுக் கொடுத்தேன்.

அக்கா உனக்குப் பரிந்து பேச வந்தாள், "நல்லதுக்குத்தானேம்மா செஞ்சான்" என்று. கேட்காமல் செய்கிற நல்லது யாருக்கு நல்லது என்று கேட்டேன், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கும் இரண்டு நாள் என் மேல் கோபம், இப்போது சரியாகிவிட்டது. அப்பாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. நீ சமையல் செய்து சாப்பிடுகிறாயா, பொட்டலத்தில் வருவதையே தின்கிறாயா, அதையும் எழுது.

அந்தப் புண் ஆற மூன்று வாரம் ஆனது. அது வரைக்கும் பிள்ளை அக்குள் கட்டையை ஊன்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். புதிதாக அச்சு செதுக்கி, டேப்பால் மூன்று தடவை சுற்றிப் பார்த்து, புதுக் கிண்ணம் செய்து, நேற்று மாட்டிவிட்டேன். கம்பியை விட்டுவிட்டு வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தாள். போன தடவை ஏன் சின்னதாகிவிட்டது என்று கேட்டாள். பிள்ளையிடம் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. உன் ஃபைலை ஒருத்தர் இடம் மாற்றி வைத்துவிட்டார், நானும் சரியாகப் பார்க்காமல் எடுத்துவிட்டேன் என்றேன். "யாரு அவரு?" என்றாள். என் மகன் என்றேன். "எனக்கு இப்படி ஆச்சுன்னு அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். இன்னும் தெரியாது என்றேன். "சொல்லுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, தண்ணீர் கொடுங்கள் என்கிற மாதிரி சொன்னாள். சொல்லிவிட்டேன்.

நீ நூறு வயசு ஆரோக்கியமாக இருக்க வேண்டும், உன் கையால் நாலு பேருக்கு நல்லது நடக்க வேண்டும், அந்த ஆசை எனக்கு மாறவில்லை. அந்தப் பிள்ளைக்கு உன் கையால் ஒரு கடிதம் எழுது, காகிதத்தில், பட்டறை முகவரிக்கு. பொம்மை முகம் போட்டு ஃபோனில் செய்தி அனுப்பினால் நான் காட்ட மாட்டேன். என்ன செய்தாய் என்று அவளுக்குப் புரிகிற மாதிரி எழுது, நிறையக் கேள்வி கேட்பாள், எல்லாவற்றுக்கும் பதில் எழுது. அடுத்த மாதம் எட்டாம் தேதி அவள் பரிசோதனைக்கு வருகிறாள். அதற்குள் உன் கடிதம் வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
கோபம் தீராத, ஆனாலும் உன் அம்மா