அடுத்தது யாரு?

இன்று காலை புதிய பல்பசைக் குழாயைத் திறந்தேன். புதினா வாசம் மூக்கில் ஏறியதுமே உன் வீட்டுக் கூடம் கண்முன் வந்துவிட்டது. பல் துலக்குவதை விட்டுவிட்டுக் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். பல்பசை என்றால் மற்றவர்களுக்குப் பல் நினைவுக்கு வரும். எனக்கோ ஒரு சிடியும், அதை மடியில் வைத்துப் பஞ்சால் தேய்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணும், கட்டிலில் படுத்தபடி எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்த உன் கண்களும்தான் நினைவுக்கு வருகின்றன.

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் நான் உன்னோடு நெருங்கினேன். சுங்குவார்சத்திரத்தைச் சுற்றி ஆலைகள் வந்ததும் நீ மாடியில் அறைகள் கட்டி, தெற்கேயிருந்து வேலைக்கு வந்த பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாய். ஊரெல்லாம் என்னை "வாங்க டீச்சர்" என்று அழைக்கும். நீ மட்டும் "வா டீச்சரு, குந்து" என்பாய். அந்த ஒருமைக்காகவே தினமும் சாயங்காலம் வந்து உட்கார்ந்தேன் என்று நினைக்கிறேன்.

அறையைக் காலி செய்யும் பெண்ணிடம் சாவியை வாங்குவதற்கு முன் நீ ஒரு வழக்கம் வைத்திருந்தாய். "போறியா, போ. ஒரு பாட்டு சொல்லிட்டுப் போ." கல்யாணத்துக்குப் போகிறவளும் தனக்குப் பிடித்த பாட்டு எதுவென்று சொல்ல வேண்டும், வேலை போய் ஊருக்குத் திரும்புகிறவளும் சொல்ல வேண்டும். அடுத்த நாள் நீ பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருந்த சிடி கடைக்குப் போவாய். பழைய பாட்டுகளோடு அதையும் சேர்த்து, நீ வாயால் சொல்லும் வரிசையில் கடைக்காரர் புதிய சிடி போட்டுத் தருவார். வெள்ளை உறை. மேலே ஒரு எழுத்தும் இருக்காது. பெயர்களையாவது நான் எழுதித் தருகிறேன் என்றேன். "நான் படிக்கத் தெரியாதவ. எனக்குத் தெரிஞ்சத எனக்கே எதுக்கு எழுதிக் குடுக்கிற?" என்றாய்.

முதலில் போனவள் முதலில் என்றுதான் அந்த வரிசை இருக்கும் என நினைத்திருந்தேன். கேட்டபோது நீ தலையில் அடித்துக்கொண்டாய்.

"அப்டி வெச்சா பேச்சியும் ரோஸியும் பக்கத்துல பக்கத்துல வந்துடுவாளுங்க டீச்சரு. பாத்ரூம் சண்ட சிடிக்குள்ளயும் நடக்கும். அழுமூஞ்சிக்குப் பக்கத்துல சிரிக்கிறவள வெக்கணும். எனக்குத் தெரியும், எவள எங்க வெக்கிறதுன்னு."

எனக்குப் புரிந்தது. வகுப்பில் பிள்ளைகளைப் பெஞ்சில் உட்கார வைப்பதும் இப்படித்தான். பதிவேட்டில் பெயர்கள் அகர வரிசையில் இருக்கும், பெஞ்சில் இருக்காது. கிள்ளுகிறவன் ஒரு மூலை, கிள்ளு வாங்குகிறவன் இன்னொரு மூலை. ஏன் அப்படி என்பது ஆசிரியருக்கு மட்டும் தெரியும்.

ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஒரு சின்ன மௌனம் வரும். அதற்குள் நீ "அடுத்தது யாரு?" என்று கேட்டு, நீயே "கலா" என்பாய். கலாவின் பாட்டு, அவளே மாடிப்படி இறங்கி வருவதுபோல வந்துவிடும். பாட்டின் பெயரை நீ சொல்லி நான் கேட்டதே இல்லை. பாதி ஓடுவதற்குள், ஜெனரல் ஷிப்ட் முடிந்த பெண்களைக் கொண்டுவரும் ஆலை வண்டி தெருமுனையில் ஹாரன் அடிக்கும். "வந்துட்டாளுங்க" என்று பாட்டுப் பெட்டியை நிறுத்திவிட்டு கேட்டைத் திறக்கப் போவாய். நானும் கிளம்பிவிடுவேன். மறுநாள் திரும்ப முதலிலிருந்து. அந்தச் சிடியின் பின்பாதியை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

கடைசியாகக் குடிவந்த இசக்கிக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு. "ஓனரம்மா, இன்னும் இந்த வட்டத்தப் போட்டுச் சுத்திக்கிட்டு இருக்கீயளே. நெட்டுல எறக்குனா போன்லயே ஆயிரம் பாட்டு கெடக்கும்லா."

"கெடக்கும்டீ. அதுல எது எவளுதுன்னு எனக்கு எப்டித் தெரியும்?"

அன்றுதான் என் பக்கம் திரும்பிக் கேட்டாய். "உன் பாட்டு இன்னா டீச்சரு?"

"நான் என்ன உன் வீட்டிலா குடியிருக்கேன், காலி பண்ண?"

"தெனமும் வந்து குந்திகினு கீற. வாடக தராத ஒரே ஆளு நீதான். சொல்லு."

"எனக்கு எல்லாப் பாட்டும் பிடிக்கும்."

"எல்லாம்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். சரி வுடு, நானே பாத்துக்கிறேன்."

இசக்கி கைதட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிறகு பக்கவாதம் வந்தது. மருத்துவமனையிலிருந்து உன்னைக் கொண்டுவந்தபோது வலது கை போயிருந்தது, பேச்சும் போயிருந்தது. 'தண்ணீர்' என்ற சொல்கூட வரவில்லை. உன் மகன் ஒரகடத்தில் லாரி ஓட்டிவிட்டு இரவில்தான் வீடு திரும்புவான். பகலில் நான், ஷிப்ட் முடிந்தால் இசக்கி. "ஒரு வார்த்தை வந்தாலும் விடாதீங்க, தினமும் பேச வைங்க. விட்டா அதுவும் போயிடும்" என்று மருத்துவர் சொல்லியனுப்பியிருந்தார். வார்த்தையே வரவில்லையே, எதைப் பிடித்துக்கொள்வது?

துணைக்கு இருக்கட்டும் என்று ஒருநாள் இசக்கி சிடியைப் போட்டாள். முதல் பாட்டு முடிந்து அந்தச் சின்ன மௌனம் வந்தது.

"கலா" என்றாய்.

நாங்கள் இருவரும் அசையவில்லை. அடுத்த மௌனத்தில் "ரோஸி." பிறகு இன்னொரு பெயர். பாட்டை நிறுத்திவிட்டு "கலா எங்கே இருக்கா?" என்று கேட்டேன். உன் வாய் கோணியது, சொல் வரவில்லை. இசக்கிக்கு நான் இப்படிச் சொன்னேன்: ஏழாம் வாய்ப்பாடு படிக்கும் பிள்ளையிடம் ஏழெட்டு எவ்வளவு என்று திடீரெனக் கேட்டால் விழிப்பான். ஓரேழு ஏழிலிருந்து சொல்லவிட்டால் அந்த இடம் வரும்போது தானாகவே சொல்லிவிடுவான். உன் பேச்சு அந்த வரிசைக்குள் மட்டும் மிச்சம் இருந்தது.

சில வாரங்கள்தான், அதுவும் சிடி பாதி ஓடுவதற்குள் நீ களைத்துத் தூங்கிவிடுவாய், நான் நிறுத்திவிடுவேன். பிறகு சிடி தடுக்கத் தொடங்கியது. பாடுகிறவர் ஒரே எழுத்தில் நின்று திக்குவார். நீ பெயரைச் சொல்லிவிட்டு, வராதவளைத் தேடுவதுபோல மாடிப்படியைப் பார்ப்பாய். பல்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் போகும் என்று ஆலையில் அவளோடு லைனில் நிற்கும் யாரோ இசக்கியிடம் சொன்னார்களாம். அவள் தேய்த்தாள், நான் கழுவினேன், துணியால் ஒற்றினோம். கூடமெல்லாம் புதினா மணத்தது. பெட்டியில் போட்டதும் உள்ளே சிடி இருப்பதாகவே அது ஒப்புக்கொள்ளவில்லை.

கடைக்கு ஓடினேன். அலமாரிகள் போய், 'மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்' என்று போர்டு தொங்கியது. கடைக்காரர் நல்லவர், உன்னையும் நினைவிருந்தது. "அந்தப் பழைய கம்ப்யூட்டரே போச்சு டீச்சர். கார்டு குடுங்க, எவ்ளோ பாட்டு வேணுமோ ஏத்தித் தரேன்" என்றார். எவ்வளவு என்பதா எங்கள் பிரச்சினை? எதற்குப் பின் எது என்பதல்லவா?

இசக்கி விடவில்லை. கிடைத்த எண்களுக்கெல்லாம் போன் போட்டாள். "ஏட்டி, நீ போறப்ப ஓனரம்மாட்ட என்ன பாட்டு சொன்ன?" என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டு, இணையத்திலிருந்து இறக்கிச் சேர்த்தாள். மூச்சு வாங்க வந்து உன் தலைமாட்டில் போனை வைத்தாள். பாட்டு ஓடியது. நீ பேசவில்லை. போன் அந்தப் பெண்களை எல்லாம் ஆங்கில எழுத்து வரிசையில் நிறுத்திவைத்திருந்தது. ஒன்று முடியுமுன் இன்னொன்று வந்து விழுந்தது. ரோஸியை இடித்துக்கொண்டு பேச்சி நின்றாள்.

நான் கேட்டிருந்த முன்பாதி எனக்கு மனப்பாடம். ஒவ்வொன்றாக இசக்கி போட்டு, நிறுத்தி, இடைவெளி விட்டாள். கலா வந்தாள், ரோஸி வந்தாள். இசக்கி அழுதாள். முன்பாதி முடிந்த பிறகும் நீயே வழி காட்டினாய். நீ பெயர் சொல்வாய், அவளுடைய பாட்டை இசக்கி தேடிப் போடுவாள், அது முடிந்தால் அடுத்த பெயர். நீ "மாரி" என்று சொல்லும்வரை.

மாரியின் எண் உபயோகத்தில் இல்லை. "கல்யாணமாகிப் போயிட்டாளாம், எந்த ஊருன்னு அவ கூட்டாளிக்கே தெரியலம்மா" என்றாள் இசக்கி. மாரியைத் தாண்டி மீதியிருந்த பாட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். நீ கண்ணை மூடிக்கொண்டாய். தினமும் சாயங்காலம் கலாவில் தொடங்கி மாரியில் நின்றோம். நீ கூப்பிடுவாய், பிறகு காத்திருப்பாய். கற்பிப்பதே தொழிலாக இருந்தவள் நான். அந்தக் கட்டிலின் அருகே என்னிடம் கொடுப்பதற்கு ஒன்றுமே இல்லை.

நீ போவதற்குச் சில நாட்களுக்கு முன்பும் மாரியில்தான் நின்றோம். இசக்கி எதையும் போடவில்லை. சில நிமிடங்கள் அப்படியே கழிந்தன. உன் இடது கை விரல்கள் போர்வைமேல் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன. பிறகு அவை நின்றன.

"டீச்சரு" என்றாய்.

"இங்கேதான் இருக்கேன்" என்று உன் கையைப் பிடித்துக்கொண்டேன். நீ என்னைப் பார்க்கவில்லை. மாடிப்படியைப் பார்த்தாய். தெருமுனையில் ஷிப்ட் வண்டி ஹாரன் அடித்தது.

உன் விரல்கள் தட்டிய நேரமெல்லாம் மாரியின் பாட்டு உனக்குள்ளேயே ஓடி முடிந்திருந்ததோ என்ற எண்ணம் உன் காரியமெல்லாம் முடிந்து பல நாள் கழித்துத்தான் எனக்கு வந்தது. நீ என்னைக் கூப்பிட்டாயா, இல்லை, வரிசையில் அடுத்தவள் நானா? கேட்க ஒருவரும் இல்லை. கடைக்காரரிடமும் கேட்டேன். "எத்தனையோ பாட்டு போட்டுக் குடுத்தேன் டீச்சர், எப்படி ஞாபகம் இருக்கும்?" என்றார். எனக்கென்று நீ ஒன்றைத் தேர்ந்து வைத்திருந்தால், அது எந்தப் பாட்டு, யாருக்கும் யாருக்கும் நடுவில் என்னை உட்கார வைத்தாய், எதுவும் எனக்குத் தெரியாது.

இசக்கியும் ஊருக்குப் போய்விட்டாள். போகும்போது அந்தப் பாட்டுகளை ஏற்றிய மெமரி கார்டை என் கையில் வைத்தாள். சாவி வாங்கும் உரிமை எனக்கு இல்லை. இருந்தாலும், "ஒரு பாட்டு சொல்லிட்டுப் போ" என்றேன். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாயங்காலங்களில் என் வீட்டில் அந்தப் பாட்டுகளைப் போடுகிறேன். கலா, ரோஸி என்று உனக்குப் பதிலாக நானே சொல்லிக்கொள்கிறேன். மாரி என்று சொன்னதும் போனை நிறுத்திவிடுகிறேன். விரலால் தொடைமேல் தட்டிப் பார்க்கிறேன். அவளுடைய பாட்டு எவ்வளவு நீளம் என்று தெரியவில்லை. எப்போது முடிந்து என் முறை வரும் என்றும் தெரியவில்லை. விளக்கேற்றும் நேரம் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.