காருக்குள் மட்டும் பேசிய ஆங்கிலம்

சென்செய்,

அம்மாவுக்குக் காலில் நீர் கோத்துக்கொள்கிறது. பார்லித் தண்ணீர் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இன்று காலை பார்லியை வெறும் சட்டியில் போட்டு வறுத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. பேசிவிட்டுத் திரும்புவதற்குள் பார்லி கருகிப் பழுப்பேறி, அடுப்படி முழுக்க அந்த வாசம். "என்னட்டி, இப்படித் தீய்ச்சு வச்சிருக்க?" என்று அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். அந்த வாசத்தில், ஜப்பானில் உங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறைக்குள் நான் நின்றுகொண்டிருந்தேன். பெரிய அலுமினியக் கெண்டியில் வறுத்த பார்லித் தேநீர், வரிசையாகக் கவிழ்த்து வைத்த கோப்பைகள், ஜன்னலுக்கு வெளியே மழையில் நனையும் மலை.

அடுப்பை அணைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். உங்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தமிழில்தான் எழுதப்போகிறேன். அதற்கு நீங்களே ஒரு காரணம் கொடுத்திருக்கிறீர்கள்.

நான் வந்து இறங்கிய நாள் நினைவிருக்கிறதா? தென்காசியில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தவள், ஜப்பானில் ஏதோ ஒரு மலையூருக்கு ஆங்கிலத் துணை ஆசிரியையாகப் போகிறேன் என்றபோது வீட்டில் யாரும் நம்பவில்லை. அந்தச் சின்ன ரயில் நிலையத்தில் இறங்கும்வரை எனக்கும் நம்பிக்கை இல்லை. ஒற்றை நடைமேடை. இறங்கியது நான் ஒருத்தி, காத்திருந்தது நீங்கள் ஒருவர். அப்படியிருந்தும் பெருங்கூட்டத்தில் தேடுகிறவர்போல என் பெயர் எழுதிய அட்டையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தீர்கள். தமிழில் எழுதியிருந்தது. 'வளளி' என்று. இணையத்தில் பார்த்து ஓவியம் வரைவதுபோல வரைந்தீர்களாம். புள்ளியைத் தூசி என்று நினைத்து விட்டுவிட்டீர்களாம். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன எனக்கு. நீங்கள் பயந்துபோய் மூன்று தடவை தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டீர்கள்.

மாணவர்கள் ஆசிரியர்களை அழைப்பதும், ஆசிரியர்கள் ஒருவரையொருவர் அழைப்பதும் அங்கே ஒரே சொல்தான்: சென்செய். என் பெயரோ பாஸ்போர்ட்டில் இருந்தபடி உங்கள் எழுத்துக்கு மாறியபோது 'பரி' ஆகிவிட்டது. எங்கள் பழந்தமிழில் பரி என்றால் குதிரை என்று ஒரு வகுப்பில் சொல்லித் தொலைத்தேன். மறுநாள் என் மேசை முழுக்கக் குதிரைப் படங்கள். ஒரு குதிரைக்குப் பொட்டு வைத்து, பின்னல் போட்டிருந்தார்கள்.

ஆனால் வகுப்பில் வாய் மட்டும் திறக்கமாட்டார்கள். மலைக்கு இந்தப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி, அந்தப் பக்கம் இரண்டு தொடக்கப் பள்ளிகள். எங்கே போனாலும் வாசலில் செருப்பைக் கழற்றி உள்செருப்பு மாட்டி, வகுப்புக்குள் நுழைந்து "குட் மார்னிங்" என்றால், பதில் வரும், ஒரே குரலில். அதற்குமேல் எதைக் கேட்டாலும் பிள்ளைகள் மேசையைப் பார்ப்பார்கள். மதியம் அதே பிள்ளைகள் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு சாப்பாடு பரிமாறும்போது, எனக்கு மாட்டிறைச்சி ஆகாது என்று நினைவு வைத்து என் கிண்ணத்தைத் தனியாக எடுத்து வைப்பார்கள். அன்பு இருந்தது. பேச்சுதான் இல்லை.

உங்களிடமும் இல்லை. நீங்கள்தான் அங்கே ஆங்கில ஆசிரியை. பாடப் புத்தகத்து வாக்கியங்களை ஒலிப்பதிவுக் கருவியில் போட்டுவிட்டு ஓரமாக நின்றுகொள்வீர்கள். என்னோடு பேச வேண்டியதை ஜப்பானிய மொழியில் மெதுவாகச் சொல்வீர்கள். உங்களுக்கு என்னைப் பிடிக்கவில்லையோ என்றுகூடத் தோன்றியது.

பிறகு அந்த மழை நாள். பேருந்து வராது என்று என்னை உங்கள் சின்னக் காரில் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் கிளம்பினீர்கள். சுரங்கப்பாதைக்குள் நுழைந்ததும் கொஞ்சம் இறங்கியிருந்த கண்ணாடிகளையும் முழுக்க ஏற்றினீர்கள். முன்னால் பார்த்தபடியே ஆங்கிலத்தில் கேட்டீர்கள்: "உங்கள் ஊரில் இப்போது மழை பெய்யுமா?"

நான் திரும்பிப் பார்த்தேன். உங்கள் காது சிவந்திருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பள்ளியைப் பார்வையிட வந்த ஒரு வெளிநாட்டுக்காரர் உங்கள் உச்சரிப்பைக் கேட்டு வகுப்பின் முன்னால் சிரித்துவிட்டாராம். மாணவர்களும் சிரித்தார்களாம். அதன்பிறகு யார் காதிலும் விழும்படி நீங்கள் ஆங்கிலம் பேசியதில்லை. இந்தக் காரைத் தவிர. இதற்குள் தனியாக உட்கார்ந்து பேசிப் பார்த்துக்கொள்வீர்கள்.

"எங்க ஊர்ல இங்கிலீஷுக்கு யாரும் பயப்பட மாட்டாங்க" என்று ஆரம்பித்தேன். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கும் என் அப்பா போனில் கத்துவதை அப்படியே நடித்துக் காட்டினேன். "ஏலே, லோடு அர்ஜெண்ட்லே! டிரைவர் லேட்டு, ரேட்டு டவுனு, கஸ்டமரு டென்ஷன் ஆவுதான்!" எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் என் அப்பா என்று சொன்னதும் நீங்கள் காரை ஓரமாக நிறுத்திவிட்டீர்கள். ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தீர்கள். அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் அந்த மலைப்பாதை நமக்குச் சொந்தமானது. உங்கள் ஆங்கிலம் காருக்குள் வளர்ந்தது, என் ஜப்பானிய மொழியும்தான்.

ஒருநாள் மதிய இடைவேளையில் அம்மா போன் செய்தாள். நான் பேசி முடித்துத் திரும்பினால் ஆசிரியர் அறை உறைந்துபோய் இருக்கிறது. நீங்கள் அருகில் வந்து, "வீட்டில் சண்டையா?" என்று கிசுகிசுத்தீர்கள். வத்தக்குழம்புக்கு வெல்லம் போடலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம் என்றேன். நீங்கள் நம்புவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு சொன்னீர்கள்: "உங்கள் மொழியில் பேசும்போது நீங்கள் இன்னும் பெரிய ஆளாக இருக்கிறீர்கள். அந்த ஆளை எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை." இந்த மடல் தமிழில் இருப்பது அதனால்தான்.

குளிர் தொடங்கியபோது அந்தப் பேச்சு கிளம்பியது. ஆங்கிலம் சொல்லித்தர ஆங்கிலேயரோ அமெரிக்கரோ வராமல் ஏன் இந்தியப் பெண் வந்திருக்கிறாள், பிள்ளைகளின் உச்சரிப்பு கெட்டுப்போகாதா என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள் என்று என் காதுக்கும் வந்தது. என் முகத்துக்கு நேராக யாரும் எதுவும் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. பெற்றோர் கூட்டம் நடந்த அன்று காலை பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்துவிட்டுத்தான் வந்தேன். போகச் சொல்லுமுன் நாமே போய்விடலாம் என்று.

மரக்கடைக்காரர் ஒருவர் எழுந்து அதையே கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். துணைத் தலைமையாசிரியர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் என் உள்செருப்பின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நீங்கள் எழுந்து நின்றீர்கள். ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தீர்கள்.

"நான் இந்த ஊரில் பிறந்தவள். உங்களில் பலருக்கு நான்தான் ஆங்கிலம் நடத்தினேன். ஆனால் உங்கள் முன்னால் ஒரு வாக்கியம்கூடச் சொந்தமாகப் பேசியதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது."

ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் நீங்கள் மூச்சு வாங்கினீர்கள். மேசையை அழுத்தியிருந்த விரல் நுனிகள் வெளுத்திருந்தன. அந்த மரக்கடைக்காரரும் உங்கள் மாணவர்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த விதத்தில் தெரிந்தது. பிறகு ஜப்பானிய மொழிக்கு மாறினீர்கள்.

"இப்போது நான் பேசியது எந்த நாட்டு ஆங்கிலம்? எனக்குத் தெரியவில்லை. நம் ஊர் ஆங்கிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவர் வந்த பிறகுதான் எனக்கு அது வந்தது. உங்கள் பிள்ளைகளுக்கும் வரும். கொஞ்சம் பொறுங்கள்."

யாரும் கைதட்டவில்லை. கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. வீட்டுக்குப் போய்ப் பெட்டியை மறுபடி பரணில் ஏற்றினேன்.

முதல் பனி விழுந்த காலையில் என் வாசலில் மண்வெட்டிச் சத்தம். கதவைத் திறந்தால் மரக்கடைக்காரர் பனியை அள்ளிப் பாதை போட்டுக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, பாடம் ஒப்பிப்பவர்போல, "ஸ்னோ. ஹெவி. சாரி" என்றார். அந்த சாரி பனிக்கா, வேறு எதற்கா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "நோ பிராப்ளம், தேங்க் யூ" என்றேன். இருவரும் சேர்ந்து மிச்சப் பனியை அள்ளினோம்.

அடுத்த கோடை விடுமுறையில் நீங்கள் தென்காசிக்கு வந்தீர்கள். இங்கே சாரல் காலம். குற்றாலத்தில் ஐந்தருவியில் பெண்கள் பக்கம், அம்மாவின் நைட்டியைப் போட்டுக்கொண்டு தண்ணீருக்கு ஓரடி தள்ளியே நின்றீர்கள். சிவகிரியிலிருந்து வந்திருந்த ஒரு பெண், "ஏட்டி, இங்கன வா! தலையக் குடு!" என்று உங்கள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டாள். ஒரு நிமிஷம் உங்களைக் காணவில்லை. பிறகு அருவிக்குள்ளிருந்து ஆங்கிலத்தில் ஒரு கூச்சல்: "ஐ ஆம் வெரி, வெரி கோல்ட்! தேங்க் யூ!"

"என்ன சொல்லுதா இவ?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"ரொம்பக் குளிருதாம் அக்கா."

"குளிரத்தான செய்யும்! இன்னும் உள்ள வரச் சொல்லு."

நீங்கள் இன்னும் உள்ளே போனீர்கள். இன்னும் சத்தமாகக் கத்தினீர்கள். போலீஸ்காரம்மா விசில் ஊதும்வரை வெளியே வரவில்லை.

மறுநாள் நான் கடைக்குப் போய்விட்டு வந்தபோது அடுப்படியில் நீங்களும் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தீர்கள். அம்மா தமிழில் பேசுகிறாள், நீங்கள் ஜப்பானிய மொழியில் பேசுகிறீர்கள். இருவர் கண்ணிலும் தண்ணீர். என்னைக் கண்டதும் அம்மா சொன்னாள்: "அவுக மவளும் உன்னய மாரியேதான். சொன்னதக் கேக்காம தூரமாப் போயி இருக்காளாம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவதான் இப்பச் சொன்னாள்லா."

உங்களிடம் கேட்டேன். ஆமாம், மகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன் என்றீர்கள். அவள் வடக்கே ஏதோ ஊரில் வேலை பார்க்கிறாள், போன் எடுப்பதே அபூர்வம் என்றீர்கள். அன்றைக்கு வெங்காயம் உரித்த கையோடு அவளுக்கு ஒரு படம் எடுத்து அனுப்பினோம், நீங்களும் அம்மாவும் மூக்கு சிவந்து நிற்கும் படம். அவள் உடனே கூப்பிட்டாள்.

என் பணிக்காலம் முடிந்து நான் ஊர் திரும்பியபின் உங்களுக்கு நோய் வந்தது. மருத்துவமனைக் கட்டிலிலிருந்து வீடியோவில் கூப்பிடுவீர்கள். அறையில் மற்ற நோயாளிகள் இருக்கிறார்கள் என்ற கவலையே இல்லாமல், "சாப்பாடு மோசம்! எனக்கு உன் அம்மாவின் குழம்பு வேண்டும்!" என்று ஆங்கிலத்தில் முழங்குவீர்கள். ஒருமுறை செவிலி வந்து, மெதுவாகப் பேசுங்கள் என்றாள். நீங்கள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தீர்கள். மெதுவாகப் பேசச் சொல்லி உங்களை ஒருவர் கண்டித்த நாளும் வந்துவிட்டதே என்று இருவரும் சிரித்தோம். கடைசியாகப் பார்த்த முகம் அது. எனக்கு அதுவே போதும் என்று சொல்லமாட்டேன். போதவில்லை. ஆனால் அந்த முகம் என்னிடம் இருக்கிறது.

நீங்கள் போய்விட்ட செய்தியை உங்கள் மகள்தான் அனுப்பினாள். கடைசி மாதங்களில் அவள் உங்கள் பக்கத்திலேயே இருந்தாளாம். அம்மாவிடம் சொன்னபோது, "அந்தப் பிள்ளைய இங்கன ஒருக்க வரச் சொல்லு" என்றாள். அவளுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராதும்மா என்றேன். "அதுக்கென்ன, பேசிக்கிடுவோம்." ஆடி மாதம் வருவதாக எழுதியிருக்கிறாள்.

நான் இப்போது ஆய்க்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் இருக்கிறேன். வயல் வேலைக்கும் டெம்போ ஓட்டவும் போகிறவர்களின் பிள்ளைகள். ஆங்கில வகுப்பில் இவர்களும் மேசையைத்தான் பார்ப்பார்கள். நான் அரைகுறை ஜப்பானிய மொழியில் உளறும்போதெல்லாம் நீங்கள் ஒருதரம்கூட என்னைத் திருத்தியதில்லை என்பது இங்கே வந்தபிறகுதான் எனக்கு உறைத்தது. "சொரெதெ?" என்பீர்கள். அப்புறம்? அவ்வளவுதான் கேட்பீர்கள். நான் தப்பும் தவறுமாக அடுத்த வாக்கியத்தைத் தேடிக்கொண்டு ஓடுவேன். திருத்தம் தானாக நடந்தது, பல மாதங்கள் கழித்து.

போன வாரம் எட்டாம் வகுப்பில், இதுவரை வாயே திறக்காத இசக்கியம்மாள் எழுந்தாள். அவள் அப்பா கேரளாவுக்கு லாரி ஓட்டுகிறவர். "எஸ்டர்டே மை பாதர் கம் ஹோம்" என்றாள். பின்வரிசையில் ஒருத்தி, "கேம்ட்டி" என்று திருத்தப் பார்த்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"அப்புறம்?" என்றேன்.

"ஹி பிரிங் ஒன் பிக் ஜாக்ஃப்ரூட்."

"அப்புறம்?"

லாரி செங்கோட்டைக்கு இந்தப் பக்கம் பழுதாகி நின்றதும், பலாப்பழ வாசத்துக்குக் குரங்குகள் வந்து லாரியின் மேலே ஏறியதும், அப்பா பழத்தைக் காப்பாற்ற அதன்மேலேயே படுத்துக்கொண்டதும் ஒவ்வொன்றாக வந்தன. காலம், பால், எண் எதுவும் சரியில்லை. அவள் கைகளை விரித்துக் குரங்கைக் காட்டினாள். வகுப்பே அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தது.

மணி அடித்தது, சென்செய். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.