நீங்கள் கால் வைக்காத புல்மேடு

அண்ணை,

இன்று காலை, மிச்சம் என்ற இந்த வெள்ளைக்கார ஊரில், எங்கள் வீட்டு வாசலில் என் மகளின் சப்பாத்துகள் கிடந்தன. அடி முழுக்க ஈரச்சேறு, அழுகிய புல்லின் மணம். இந்த நாட்டின் வடக்கே, அந்தக் கால ரோமர் கட்டிய எல்லைச் சுவரோடு இருந்த சின்னக் கோட்டை ஒன்றைத் தோண்டுகிறவர்களோடு அவளும் சேர்ந்திருக்கிறாள். நாளைக்குத் திரும்பவும் போகிறாள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் உங்கள் குரல்தான் கேட்டது.

இங்குள்ள கோயில் ஆட்களோடு கோச் பஸ்ஸில் அந்தப் பக்கம் போனோமே, நினைவிருக்கிறதா? கோட்டை என்றார்கள். இறங்கிப் பார்த்தால் ஒரு புல்மேடும் பள்ளமும்தான். இருபது முப்பது சிப்பாய்கள் காவல் இருந்த இடமாம். கல்லையெல்லாம் பின்னால் வந்த கமக்காரர் ஆட்டுப்பட்டிக்கு மதில் கட்டக் கொண்டுபோய்விட்டார்களாம். எல்லோரும் மேட்டில் ஏறிப் படம் எடுத்தோம். நீங்கள் தார் ரோட்டை விட்டு இறங்கவேயில்லை. அப்போது ஆறு வயதான மகள் புல்லுக்குள் ஓட, "பிள்ளை, கால் வையாதை!" என்று கத்தினீர்கள்.

"அண்ணை, இது ரோமன்காரன்ரை காவல் சென்றி. அவன் ஊரிலை ஆமிக்காரன் மாதிரி மிதிவெடி புதைக்கேல்லை," என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

உங்களுக்கு முகம் கறுத்துவிட்டது. "சென்றி இருந்த இடத்திலை புல்லு வடிவா நிண்டா, அங்கை ஒருத்தரும் நடக்கேல்லை எண்டு அர்த்தம். போறதெண்டா முன்னாலை போனவன்ரை அடியிலை அடி வைச்சுப் போ," என்றீர்கள்.

அதற்குப் பிறகும் உங்களை விட்டேனா? காணும் இடமெல்லாம் அதே பகிடி. ஊரில் சண்டை முடிந்த பிறகும் உங்கள் காணியைப் பார்க்கப் போகத் தயங்கினீர்கள். வேலியோரம் ஆமிக்காரரின் சென்றி இருந்த காணி அது. "எல்லாம் துப்புரவாக்கிப்போட்டாங்கள், போயிட்டு வாங்கோ," என்று உங்களை விமானம் ஏற்றியவன் நான்.

காணி வாசலில் நின்று எனக்குப் போன் எடுத்தீர்கள். சென்றியும் இல்லை, மண்மூட்டையும் இல்லை, வெறும் புல்லுத்தான் என்றீர்கள். "உங்கடை காணிதானே அண்ணை, இறங்குங்கோ," என்றேன். பின்னேரம் ஊரிலிருந்த உங்கள் சொந்தத் தம்பி எனக்குப் போன் எடுத்தார். மிதிவெடி. ஆள் அந்த இடத்திலேயே முடிஞ்சுதாம்.

ஐயோ அண்ணை, அத்தனை வருடம் உங்களைக் காத்த பயத்தை நான்தானே பகிடி பண்ணிப் பிடுங்கினேன். இப்போது அது என்னிடம் இருக்கிறது. வீட்டுக்கு முன்னால் உள்ள பார்க்கிலும் பாதையை விட்டு இறங்க எனக்கு ஏலாது.

சப்பாத்தைக் கழுவிக் கொடுத்தபோது மகளிடம் சொன்னேன். "பிள்ளை, அங்கை முன்னாலை போறவையின்ரை அடியிலை அடி வைச்சுப் போ."

"அது ரோமன் கோட்டையப்பா, அங்கை என்ன பயம்?" என்று சிரித்தாள்.

அன்று நான் சிரித்த அதே சிரிப்பு, அண்ணை.