காது நல்லாவே கேக்குது

ஜூன் 4

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற பஸ்ஸுக்கு ஏர்ஹார்ன் வைத்தவன் கையில் கிடைத்தால், அந்த ஹார்னுக்கு முன்னால் அவனையே கட்டி மயிலம் வரைக்கும் ஓட்டவேண்டும். கம்பெனியில் சுவர் துளைக்கிறவர்களுக்குக் கொடுக்கிற மஞ்சள் காதுமூடியை மாட்டிக்கொண்டுதான் இன்றும் ஏறினேன். கண்டக்டர், "இன்னா தம்பி, ஏரோப்ளேன் எறக்கறியா?" என்றார். பஸ் முழுக்கச் சிரிப்பு. சிரிப்பும் சத்தம்தான். அதுவும் வலித்தது.

கோபம் வரும்போது எழுதி வை என்று ஒரு டாக்டர் சொன்னார். அந்த டாக்டர் மேல் வருகிற கோபத்தை எங்கே எழுதுவது? சரி, இங்கேயே.

கோளாறு இதுதான். போன மாசி மாதம் சிநேகிதன் கோபியின் மைக் செட்டைச் சரிபார்க்கப் போனேன். நான் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் தலையை வைத்து ஒயர் பார்க்கும்போது, அந்த மகானுபாவன் மைக்கை நேராக அதன் வாயில் நீட்டினான். 'கீ...' என்று ஒன்று. அன்றிலிருந்து இரண்டு தொல்லை. ஒன்று, சிக்னலே இல்லாமல் அவுட்புட் வருகிறது — இரண்டு காதிலும் விடாமல் ஒரு சில்வண்டு. இரண்டு, வருகிற சிக்னல் எல்லாம் பல மடங்காக வருகிறது. எவர்சில்வர் தட்டு தரையில் விழுந்தால் காதுக்குள் ஆணி அடித்த மாதிரி.

டிப்ளமோ படித்தவன். ஊருக்கெல்லாம் சிசிடிவி, இன்வெர்ட்டர் சரி பண்ணுகிறவன். என் தலைக்குள் இருக்கிற சர்க்யூட்டுக்கு மட்டும் கையேடு இல்லை.

ஜூன் 6

குக்கரை விசில் வராமல் வைக்கச் சொன்னேன். அம்மா: "விசிலு வராம பருப்பு வெந்துச்சான்னு நீ உள்ள பூந்து பாப்பியா?"

ஜூன் 9

கிருஷ்ணவேணி சித்தி ஒரு ஜாதகத்தோடு வந்திருக்கிறது. பெண் ஒலக்கூர்ப் பக்கம். பெயர் கலைப்பிரியா. அப்பா அரங்கநாதன், சொந்த நிலம், மல்லாட்டை (வேர்க்கடலைதான்), நெல். பெண் திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர்.

பி.டி. டீச்சர் என்றால் கழுத்தில் விசில் தொங்கும். குக்கராவது கேஸை அணைத்தால் நிற்கும்.

மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சித்தி போட்டோவைக் காட்டியது. வாயை மூடிக்கொண்டேன்.

"எதையும் மறைக்கக் கூடாதுடா. பையனுக்குக் காதுல கொஞ்சம் கோளாறுன்னு சொல்லிட்டேன்" என்றது சித்தி. நியாயம்தான். மறைப்பது எனக்கும் பிடிக்காது.

ஜூன் 15, ஞாயிறு

நாசம்.

காதில் கோளாறு என்றால் உலகத்தில் ஒரே அர்த்தம்தான் — செவிடு. இது எனக்கு ஏன் முன்பே உறைக்கவில்லை?

ஒலக்கூரில் வேனைவிட்டு இறங்கியதும் அரங்கநாதன் என் தோளைப் பிடித்து, காதோடு வாய் வைத்து, வயலின் அந்தக் கரையில் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற குரலில், "வாங்க தம்பீ! வழீல ஒண்ணும் செரமம் இல்லீங்களே!" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாப்பிள்ளை பாசத்தில் உருகிவிட்டான் என்று நினைத்திருப்பார்கள்.

உட்கார வைத்தார்கள். சொஜ்ஜி, பஜ்ஜி. கலைப்பிரியா காபி கொண்டுவந்தாள். போட்டோவைவிட நேரில் நன்றாக இருக்கிறாள், அதை நிதானமாகப் பார்க்க விட்டால்தானே? வலது பக்கத்திலிருந்து அரங்கநாதன் — "பொண்ணு! எம்மேயி படிச்சிருக்குதுங்க!" வலி தாங்காமல் கையைக் காதுக்குக் கொண்டுபோனேன். அதைப் பார்த்து அவர் என்ன புரிந்துகொண்டார்? பையன் கேட்பதற்காகக் கையைக் குவிக்கிறான் என்று. இன்னும் நெருங்கி வந்து, இன்னும் கத்தினார். நான் இன்னொரு கையையும் தூக்கினேன். இடது பக்கத்திலிருந்து இன்னொரு மாமா ஆரம்பித்தார். நான் பொத்தப் பொத்த அவர்கள் கத்த — கடைசியில் எழுந்து நின்று, "யோவ், கத்தாதய்யா! காது நல்லாத்தான் கேக்குது!" என்று நான் கத்திவிட்டேன்.

வீடே கப்சிப். என் குரலுக்கு என் காதே வலித்தது.

வேனில் திரும்பும்போது அம்மா விழுப்புரம் வரைக்கும் பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "யோவ்னு சொன்னியே. பொண்ணு குடுக்கறவரப் பாத்து. யோவ்னு" என்றது.

ஜூன் 16

சித்திக்குப் போன் வந்ததாம். "பையனுக்குக் காதும் இல்ல, மரியாதையும் இல்ல."

ஜூன் 17

தெரியாத நம்பரிலிருந்து வாட்சப்.

"கலைப்பிரியா பேசறேன். நீங்க செவிடா, இல்ல திமிரா? வீட்ல ரெண்டு கட்சியா பிரிஞ்சி சண்ட போட்டுக்கினு இருக்காங்க. எதுனா ஒண்ண சொல்லிட்டீங்கன்னா நான் போயி என் வேலையப் பாப்பேன்."

"திமிரு" என்று அனுப்பினேன். பிறகு, "காது தேவைக்கு மேல கேக்குது. அதான் பிரச்சனை." பிறகு முழுக் கதையும். ஒரே மூச்சில் ரெண்டு பக்கம் அடித்தேன்.

பதில் வந்தது: "அப்ப எங்கப்பா கத்தனப்போ நெசமாவே வலிச்சிதா?"

"ஆமா."

"எங்களுக்கும்தான். நாங்க யாராவது யோவ்னு சொன்னமா?"

ஜூலை 2

தினமும் எழுத்திலேயே பேச்சு. போன் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அவளுக்கு மெல்லப் பேச வராது. ஒரு தடவை ரகசியக் குரலில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். அவள் ரகசியமே பக்கத்து வீட்டுக்குச் சேர்த்துச் சொல்கிற மாதிரிதான் இருக்கிறது.

அவள் அப்பா 'முடியாது' என்றும் சொல்லவில்லை. ஆடி பிறக்கப் போகிறது, நல்ல காரியம் எதுவும் பேச முடியாது, ஆவணியில் பார்க்கலாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார். ஆக எனக்கு இருப்பது ஒரு ஆடி மாதம். ஊரிலேயே அதிகமாக ஸ்பீக்கர் கட்டுகிற மாதம். நல்லா இருக்குது போ.

ஜூலை 8

புதுச்சேரி. காது சோதிக்கிற மேடம், பெயர் புனிதா. கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து என்னென்னவோ சத்தம் விட்டுப் பார்த்தார்.

"கேக்குற சக்தி நல்லாவே இருக்கு. இந்த மஞ்ச மூடிய எவ்ளோ நேரம் போடறீங்க?"

"குளிக்கறப்போ கழட்டுவேன்."

"அதான் தப்பு. அமைதியா இருக்க இருக்க காது இன்னும் உஷாராயிடும்."

சட்டென்று புரிந்தது. சிசிடிவி கேமரா! வெளிச்சம் குறைந்தால், வருகிற கொஞ்ச வெளிச்சத்தை அது தானாகவே உள்ளே பல மடங்காக ஏற்றிக்கொள்ளும். படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கொசு பறக்கும். அந்த நேரத்தில் ஒரு பைக் லைட் அடித்தால் திரையே வெளுத்துப்போகும். புள்ளிதான் சில்வண்டு. பைக் லைட்தான் அரங்கநாதன். இதற்கு வாடிக்கையாளரிடம் நான் என்ன சொல்வேன்? 'சார், கேமராவை மூடாதீங்க, பக்கத்துல ஒரு சின்ன பல்பு போடுங்க' என்பேன். நான் என்னடாவென்றால் கேமராவுக்குப் போர்வை போர்த்தி வைத்திருக்கிறேன்.

மேடம் சொன்னதும் அதேதான். காதுக்குப் பின்னால் மாட்டுகிற ஒரு சின்னக் கருவி. தூரத்தில் மழை பெய்கிற மாதிரி மெல்லிய சத்தம் கொடுத்துக்கொண்டே இருக்கும். மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும். வெடி, ஹார்ன் மாதிரி பெரிய சத்தத்துக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம். எப்போது சரியாகும் என்றேன். "மாசக்கணக்குல ஆகும். வருஷமும் ஆகலாம். வண்டு போயிடும்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். அது இருக்கறத நீங்க மறந்துடலாம்."

எல்லாம் சரி. கருவியைக் கையில் கொடுத்தார்.

அச்சு அசல் செவிட்டு மிஷின்.

ஜூலை 9

அம்மா அதைப் பார்த்துத் தலையில் கை வைத்தது. "காது கேக்குது கேக்குதுன்னு அந்த மனுசன்கிட்ட யோவ் போட்டுட்டு வந்த. இப்ப இத மாட்டிக்கினு போயி நின்னா இன்னாடா சொல்லுவாங்க?"

அதேதான் என் கேள்வியும். ஹார்னுக்குப் பயந்து இப்போது வேலைக்கு ரயிலில்தான் போகிறேன், அதில் மட்டும் போடுகிறேன். திண்டிவனம் ஸ்டேஷனில் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுகிறேன். கலைப்பிரியாவிடம் சொல்லவில்லை.

ஜூலை 25, வெள்ளி

ஒலக்கூரில் ஒரு வீட்டில் இன்வெர்ட்டர் கோளாறு, நீ போ என்றார் முதலாளி. இன்று அங்கே கூழ் ஊத்துகிறார்கள் என்பது போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. மரத்துக்கு மரம் குழாய் ஸ்பீக்கர்.

பைக்குள் கருவி இருந்தது. போட்டிருக்கலாம். அவள் ஊரில் எப்படிப் போடுவது? மஞ்சள் மூடியைப் போட்டுக்கொண்டு வேலையை முடித்தேன். வெளியே வந்தபோது ஒருவன் 'ஹலோ மைக் டெஸ்டிங்' என்றான் பாருங்கள் — ஓடினேன். டூல்ஸ் பையோடு, ஊரை ஒட்டிய வயலுக்குள், ஒரு மல்லாட்டைக் கொல்லைக்குள். கொல்லை நடுவில் போய்க் குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் வரப்பில் அவள். கையில் ஒரு சொம்பு கேப்பைக் கூழ்.

"எங்க கொல்லையிலயே வந்து ஒளிஞ்சிக்கினு இருக்கீங்க. மல்லாட்ட திருட வந்த ஆளுன்னு எங்கப்பா தடி எடுத்தாரு. நாந்தான் நிறுத்திட்டு வர்றேன்."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பைக்குள்ளிருந்து கருவியை எடுத்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்க ஸ்கூல்ல ஒருத்தன் இருக்கான். கண்ணாடி போட்டா பசங்க கிண்டல் பண்றாங்கன்னு கழட்டி வெச்சிட்டு வெளயாடுவான். வர்ற பந்து பூரா மூஞ்சிலதான் வாங்குவான். அவன் ஆறாவது. நீங்க?"

நான் கூழ்ச் சொம்பை வாங்கிக்கொண்டேன்.

"எங்கப்பாவுக்கு செவிட்டு மாப்ள வேணாம். எனக்கு ஓடிப்போற மாப்ள வேணாம். எங்கப்பாவ நான் பாத்துக்கறேன். நீங்க எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

அவள் சாதாரணக் குரலில்தான் பேசினாள். அதாவது கொல்லை முழுக்கக் கேட்கிற குரலில். வலித்தது. காதைப் பொத்தவில்லை.

கூழ் நன்றாக இருந்தது.

ஜூலை 26

காலையிலிருந்து போட்டிருக்கிறேன். பஸ்ஸிலும்.

கண்டக்டர் காதைப் பார்த்தார். ஏரோப்ளேன் ஜோக் இல்லை. டிக்கெட்டைக் கையில் வைத்து, பொறுமையாக, "திண்டி-வனம்" என்று வாயசைத்துக் காட்டினார். ஜோக்கே பரவாயில்லை.

ஆகஸ்ட் 12

பெரிய மாற்றமெல்லாம் இல்லை. நேற்று அம்மா பாத்திரம் தேய்க்கும்போது நான் எழுந்து போகவில்லை. அவ்வளவுதான். முந்தாநாள் ரொம்ப மோசம். இன்று வண்டு மத்தியானத் தூக்கம் போட்டது போல இருக்கிறது — எழுதும்போது எழுந்துவிட்டது, சனியன்.

ஆகஸ்ட் 18

ஆவணி பிறந்ததும் ஒலக்கூரிலிருந்து ஆள் வந்துவிட்டது. வரும் 29ஆம் தேதி நிச்சயம். "எங்க பொண்ணு பிடிச்ச பிடியில நிக்குதுங்க" என்றாராம் அரங்கநாதன். மிஷின் விஷயம் அவருக்கு இன்னும் தெரியாது. அன்று போட்டுக்கொண்டு போனால், தட்டு மாற்றுவதற்கு முன்னாலேயே எழுந்து போய்விடுவார். போடாமல் போனால் மேளத்துக்கு நான் எழுந்து ஓடிவிடுவேன்.

கலைப்பிரியாவிடம் கேட்டேன். "போட்டுக்கினு வாங்க" — அவ்வளவுதான். கூட ஒரு வார்த்தை எழுதினால் விரல் தேய்ந்துவிடுமா?

ஆகஸ்ட் 29

போட்டுக்கொண்டு போனேன். முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு போனேன். தெரியட்டும்.

அரங்கநாதன் பந்தல் வாசலிலேயே பார்த்துவிட்டார். நின்றார். என் காதைப் பார்த்தார். அம்மா பின்னால் முணுமுணுவென்று ஏதோ சாமியைக் கூப்பிட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் வாய் என் காதை நோக்கி வருவதற்காகக் காத்திருந்தேன்.

வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே, சாதாரண மனிதக் குரலில், "வாங்க தம்பி. மிஷினு மாட்டிட்டீங்களா? இப்ப கேக்குதுங்களா?" என்றார்.

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. மிஷின் போட்டாயிற்று, ஆக இனிமேல் கத்தவேண்டிய அவசியமில்லை! அவரைப் பார்த்து ஒலக்கூரே குரலை இறக்கிவிட்டது. இடது பக்கத்து மாமாகூட, "மெதுவா பேசுங்கப்பா, மாப்ளைக்குத்தான் மிஷினு இருக்குதில்ல" என்று மற்றவர்களை அடக்குகிறார். ஆறு மாதமாக நான் கெஞ்சியும் திட்டியும் நடக்காதது.

ஆனால் தப்பு தப்புதானே? இது கேட்க வைக்கிற மிஷின் இல்லை, இது சும்மா மழைச் சத்தம் போடும், என் காது ஆரம்பத்திலிருந்தே — விளக்கிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். எதிரில் பட்டுப்புடவையில் கலைப்பிரியா. மைதானத்தில் வரிசை கலைக்கிற பையனைப் பார்க்கிற பார்வை.

"நல்லா கேக்குதுங்க மாமா" என்றேன்.

"பாத்தியா," என்று அவர் மனைவியிடம் திரும்பினார், "காது கேட்டதும் மரியாதையும் வந்துடுச்சு."

மேளக்காரர்களைக் கலைப்பிரியா பந்தலுக்கு வெளியே, புளியமரத்தடியில் உட்கார வைத்திருந்தாள். அப்படியும் தட்டு மாற்றும்போது தவில் மண்டைக்குள் இறங்கியது. வேட்டியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழவில்லை.

ஆகஸ்ட் 30

ராத்திரி முழுக்க வண்டு வெறியாட்டம். காது எரிகிறது. லீவு போட்டேன்.

இருந்தாலும்.

செப்டம்பர் 5

இப்போது போனில் பேசுகிறோம். அவள் வகுப்புக்குப் போகிற வழியில், கொஞ்ச நேரம். ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 21

சண்டை. கல்யாண வரவேற்பில் அவள் பள்ளிப் பிள்ளைகள் பேண்ட் வாசிப்பார்களாம். என்னைக் கேட்காமல் அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். "புள்ளைங்க ஆசையா கேட்டுதுங்க, நான் இன்னா சொல்றது?" — "முடியாதுன்னு சொல்றது!" — "நீங்க சொல்லிப் பாருங்களேன் அதுங்க மூஞ்சியப் பாத்து!" அவள் கத்தினாள். நானும் விடவில்லை. டிரம் எத்தனை, எவ்வளவு தூரத்தில் வைப்பது, தூரம் கூடினால் சத்தம் எப்படிக் குறையும் என்று கணக்கோடு சொன்னேன். "ஒங்க கணக்க ஒங்ககிட்டயே வெச்சிக்கோங்க" என்றாள். கூடத்துக்கும் மாடிப்படிக்குமாக நடந்து நடந்து சண்டை போட்டேன்.

கடைசியில் அம்மா தோசைக் கரண்டியோடு வெளியே வந்தது. "மெதுவா பேசுடா. தெருவே காதப் பொத்திக்கினு நிக்குது."

என்னிடம் சொல்கிறது. என்னிடம்!

இதை எழுத உட்கார்ந்தபோதுதான் பட்டது. கையில் போன் சூடாக இருக்கிறது. இவ்வளவு நேரமும் அதை ஸ்பீக்கரில் போடாமல் காதிலேயேதான் வைத்திருந்திருக்கிறேன். அவள் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள்.

எனக்கு வந்தது கோபம் மட்டும்தான்.